காவைக் காப்பாற்ற வந்தவர்களுக்கு வேலை தேடிய கதை

இதை எழுத உட்காருவதும், வேண்டாம் என்று எழுந்து போய்க் கால் கழுவி விளக்கேற்றுவதுமாகப் பல வருஷம் போய்விட்டது. நான் எட்டாம் வகுப்பு. அதற்குமேல் என் கை எழுதியதெல்லாம் கடையில் பில்லும் வீட்டில் ராம நாமமும்தான். போதாததற்கு, இதில் வருகிற சொசைட்டி சார் இன்றைக்கும் கோயில் வாசலில் என்னைக் கண்டால் கைகூப்புகிறார். என் மகன் இன்றைக்கும் என் வீட்டில்தான் சாப்பிடுகிறான். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி எழுதுவது எப்படி என்று தயங்கினேன். இப்போது வயது ஆகிவிட்டது. யார் முகம் கறுத்தாலும் பரவாயில்லை என்கிற தைரியம் மூட்டுவலியோடு சேர்ந்து வந்திருக்கிறது.

நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். சாலை என்கிற பெரிய பஜாரில் கடை. சாக்கு, கயிறு, பிளாஸ்டிக் கவர். வீடு ஸ்ரீவராகத்தில், அக்ரகாரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். வீட்டை ஒரு மலையாளக் குடும்பத்திடமிருந்து வாங்கினோம். வாங்கும்போது பின்பக்கத்துச் சர்ப்பக்காவும் கூடவே வந்தது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: காவு என்றால் நாகருக்கென்று விட்டுவைத்த துண்டுக் காடு. நடுவில் நாகர் கல், சுற்றி ஒரு மதில். உள்ளே யாரும் போவதில்லை. இரும்பு கொண்டுபோவதில்லை. விழுந்த சுள்ளியைக்கூட எடுப்பதில்லை. அந்தி நேரத்தில் வாசல் கல்லில் ஒரு விளக்கு வைப்போம். வருஷத்தில் ஒரு ஆயில்ய நாளில் தந்திரி வந்து மாவும் மஞ்சளும் பாலும் படைத்துவிட்டுப் போவார். ஏழிலைப்பாலை, எட்டி, இலஞ்சி, பேர் தெரியாத கொடிகள், பகல் முழுக்கத் தலைகீழாய்த் தொங்கும் வாவல் கூட்டம் எல்லாம் அவை பாட்டுக்கு இருந்தன. அவற்றை யாரும் காப்பாற்றவில்லை. அதனால் நன்றாக இருந்தன.

என் மனைவிக்கு அந்தக் காவுதான் எல்லாம். கல்யாணமாகிப் பல வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. இந்த வீட்டுக்கு வந்து, அந்தக் கல்லில் விளக்கு வைக்கத் தொடங்கிய பிறகுதான் மகன் பிறந்தான். நாகர் கொடுத்த பிள்ளை என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள். நாகர் கொடுத்த பிள்ளை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, இன்ஜினீயராகி, கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்த காலத்தில் அங்கே வேலைக்குப் போய், கடன் போட்டு ஒரு கார் வாங்கினான். வாங்கின காரை நிறுத்த இடம் தேடியபோது அவன் கண்ணில் பட்டது நாகர் இருக்கிற இடம்.

"அம்மா, எனக்கு முழுசும் வேண்டாம். பாதி போதும். ஒரு ஷெட்டு," என்றான்.

"ஒன்ன யாருகிட்ட கேட்டு வாங்குனேன்னு தெரியுமாலே?" என்றாள் அவள்.

"தெரியும். தெனமும் சொல்லுதியே. நாகரை விரட்டவா சொன்னேன்? தந்திரியக் கூப்பிட்டு, மந்திரம் சொல்லி, பெரிய காவு ஏதாவது ஒண்ணுல கொண்டு வச்சிரலாம். இப்ப எல்லாரும் அதுதானே செய்யுறாங்க. அவங்களுக்கும் அங்க நாலு பேரு கூட இருக்கும் அல்லே?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. பட்டணத்தில் இடம் விலையேற ஏற, நாகர்களுக்கும் மாற்றல் உத்தரவு வர ஆரம்பித்திருந்தது. தந்திரிகளுக்கு ஓய்வில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மனைவி பக்கம் பேசினால் மகன் சாப்பிட மாட்டான். மகன் பக்கம் பேசினால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது.

அந்தச் சமயத்தில்தான் சொசைட்டி சார் வந்து சேர்ந்தார். கதர் ஜிப்பா, தோளில் துணிப்பை, பை நிறையக் காகிதம். காவுகளையும் அவற்றிலுள்ள உயிர்களையும் பாதுகாக்க ஒரு சங்கம் வைத்திருக்கிறாராம். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் சேவை செய்ய வருகிறார்களாம். எங்கள் மாடி அறைகளில் தங்கவைத்தால், எங்கள் காவையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்வாராம்.

என் மனைவி சந்தேகத்தோடுதான் பார்த்தாள். ஆனால் மகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆபீசில் எல்லாரும் வெளிநாடு போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, இவன் வீட்டு மாடிக்கே வெளிநாடு வருகிறது. அன்று ராத்திரி சாப்பிடும்போது தீர்ப்புச் சொன்னான்.

"சரி. இவங்க வர்ற வரைக்கும் காவு இருக்கட்டும். இவங்க வரத்து நின்னா அன்னைக்கே தந்திரிக்கு போன் பண்ணுவேன். பின்னே எங்கிட்ட அழுதுட்டு நிக்கக் கூடாது, கேட்டியா."

அவள் சரி என்றாள். அதாவது, வெள்ளைக்காரர்கள் வருகிறவரை நாகருக்கு வீடு உண்டு.

முதலில் வந்தது ஒரு பையனும் ஒரு பெண்ணும். முழங்கால் வரை பூட்ஸ், முதுகில் மூட்டை, முகத்தில் கொசு மருந்து. மறுநாள் காலையில் கையுறை மாட்டிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார்கள். வேலை எங்கே என்று பார்வையாலேயே கேட்டார்கள். சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இவங்க காசு கொடுத்து வந்த ஆளுக. பணி வேணும். பணி இல்லாட்டி அங்க புகார் போகும்."

"காசு கொடுத்து வேலை செய்ய வந்திருக்காங்களா?"

"அதே."

நான் சாலையில் கடை வைத்திருக்கிறவன். அங்கே லாரியிலிருந்து நாமே நம் மூட்டையை இறக்கினால், பக்கத்தில் நின்று பார்த்ததற்குக் கூலி கேட்கிறவர்கள் உண்டு. நோக்குகூலி என்று அதற்குப் பேர். ஜென்மம் முழுக்க அந்தக் கூலியைக் கொடுத்து வந்த எனக்கு, வேலை செய்வதற்குத் தாங்களே கூலி கொடுக்கிற ஆட்களைப் பார்த்ததும் கைகூப்பத் தோன்றியது.

ஆனால் வேலைக்கு எங்கே போவது? காவைப் பாதுகாப்பதென்றால் உள்ளே போகாமல் இருப்பது. அது ஒன்றுதான் வேலை. அதை என் குடும்பம் வருஷக்கணக்காக ஆள் வைக்காமலே செய்துகொண்டிருந்தது. அதைச் செய்வதற்காக ஒருவன் விமானம் ஏறி வர வேண்டியதில்லை. வந்தவனை முற்றத்தில் நிறுத்தி, நீ உள்ளே போகாமல் இருப்பதே பெரிய சேவை என்று எந்த மொழியில் சொல்வது?

சார் யோசித்து, மரங்களுக்குப் பேர்ப்பலகை அடிக்கலாம் என்றார். பையன் சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். என் மனைவி காவு வாசலில் போய் நின்றாள்.

"மரத்துல ஆணியா? அந்த சாரு நெஞ்சுல பேர எழுதி ஆணி அடிக்கச் சொல்லுங்க. நாங்களும் அவர யாருன்னு தெரிஞ்சுக்கிடுதோம்."

சாருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். புரியாத மாதிரி சிரித்தார். பையனிடம், இன்று நாள் சரியில்லை என்கிறார்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். பையன் பயபக்தியோடு அதை எழுதிக்கொண்டான்.

அன்று என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். கல் பொறுக்க வைத்திருந்த உளுந்தைச் சுளகோடு கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து மத்தியானம் வரை பொறுக்கினார்கள். அடுத்த நாள் முருங்கைக்கீரை உருவினார்கள். அதற்கடுத்த நாள் பூக் கட்டினார்கள். ஊருக்குப் போகும்போது சார் கொடுத்த சர்ட்டிபிகேட்டில் சமூக மேம்பாடு என்று போட்டிருந்தது. என் வீட்டு உளுந்துக்கு அப்படியொரு மரியாதை கிடைத்தது.

ஆனால் உளுந்து தினமும் வாங்க முடியுமா? அடுத்தடுத்து வந்தவர்கள் வனவிலங்கு எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தியில் வாவல் பறக்கும்போது எண்ணச் சொன்னார் சார். எண்ணினார்கள். வாவல் ஒரே நேரத்தில் பறந்தது. ஆளுக்கு ஒரு கணக்கு வந்தது, ஆளுக்கு ஆள் சண்டை வந்தது. அப்போதுதான் சார் அந்த யோசனையை என் காதில் போட்டார்.

"அண்ணாச்சி, கடையில கிழிஞ்ச கவரு, சாக்கு எல்லாம் வேஸ்டு இருக்குமே. கொஞ்சம் இங்க மதிலோரமா கிடந்தா நல்லதாக்கும். இவங்களுக்கு குப்பை கண்டா வலிய சந்தோஷம்."

காவின் ஒரு மூலைதான் தெருவைத் தொடும், மற்றதெல்லாம் வீட்டுக்குப் பின்னால். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. அதனால் குப்பையும் கிடையாது. ஒரு காட்டில் குப்பை இல்லையென்றால் வெளிநாட்டார் மனம் நொந்துபோவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மனைவியிடம் கேட்டேன்.

"மதிலுக்கு வெளியதானே? உள்ள ஒரு துண்டு விழப்பிடாது," என்றாள். "நாகருக்காண்டிதானே செய்யுதிய. போடுங்க."

அப்படித்தான் தினமும் பொழுது விடிகிற நேரத்தில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, சாலையிலிருந்து கொண்டுவந்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய், மதிலோரம் குப்பை தூவுகிறவன் ஆனேன். விதை தூவுவதுபோல் தூவினேன். ஒரே இடத்தில் கொட்டினால் சீக்கிரம் வேலை முடிந்துவிடும். முள்ளில் மாட்டிவிட்டால் எடுக்க நேரமாகும், அவர்களுக்கும் திருப்தியாக இருக்கும். பத்து மணிக்கு அவர்கள் கையுறையோடு வந்து, என்ன ஜனங்கள் இவர்கள் என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பொறுக்குவார்கள். பொறுக்கியதைச் சாக்கில் கட்டிப் படம் எடுப்பார்கள். சார் அந்தச் சாக்கை எங்காவது கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று சொல்லி என்னிடமே கொடுப்பார். நான் கடைக்குக் கொண்டுபோய் மூலையில் வைப்பேன். மறுநாளைக்கு ஆகும்.

இப்படி நாகர் பிழைத்துக்கொண்டிருந்தபோது மதாம்மா வந்தாள். வெள்ளைக்காரப் பெண்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். மற்றவர்களைப்போலச் சிறுவயது இல்லை. தலை நரைத்திருந்தது. குளிர்நாட்டில் ஏதோ ஊரில் தபால் ஆபீசில் வேலை பார்த்தவளாம். லீவைச் சேர்த்துச் சேர்த்து வைத்து வந்திருக்கிறாள். சாலையில் வாங்கிய சுடிதாரை விலைச்சீட்டைக்கூடக் கழற்றாமல் போட்டுக்கொண்டு நடந்தாள். வந்த முதல் நாளே சமையலறைக்குள் வந்து, என் மனைவி தேங்காய் வறுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் மத்தியானம் வரை பேச்சு ஓயவில்லை.

"என்ன பேசினிய ரெண்டு பேரும்?" என்று கேட்டேன்.

"அவளுக்கு மூட்டுவலி. எண்ணெய் எதுன்னு கேட்டா. ஒங்களுக்கு நான் என்ன தேச்சேன்னு இதுவரைக்கும் கேக்கத் தோணிருக்கா?"

மதாம்மாவோடு இன்னும் இரண்டு சின்னப் பெண்கள் வந்திருந்தார்கள். குப்பை பொறுக்க மிகுந்த ஆர்வம். ஆகவே நானும் மிகுந்த ஆர்வத்தோடு தூவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் சாக்கைப் பாதி உதறிவிட்டு நிமிர்ந்தால், மாடி வராந்தாவில் காபி டம்ளரோடு மதாம்மா நிற்கிறாள். என்னையே பார்க்கிறாள். சாக்கை மறைக்கலாம் என்றால் அது என்னைவிடப் பெரிது.

இறங்கி வந்தாள். குனிந்து ஒரு கவரை எடுத்துப் பார்த்தாள். முந்தின நாள் அவளே பொறுக்கியதுதான். அவள் முகம் சிவந்துவிட்டது. "ஒய்?" என்றாள்.

சிவபெருமானே என்று கண்ணை மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டினேன்.

"நோ வொர்க், யூ கோ. யூ கோ, ட்ரீ கோ."

காவைக் காட்டினேன். தெருவில் நின்ற மகனுடைய காரைக் காட்டினேன். மறுபடி காவைக் காட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக இங்கிலீஷ் பேசியதில்லை.

அவள் காரைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், மாடியில் தூங்குகிற இரண்டு பெண்களின் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு டம்ளரை மதில் மேல் வைத்துவிட்டு, சாக்கின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து மிச்சத்தைத் தூவினோம். என்னைவிட நன்றாகத் தூவினாள். முள்ளில் மாட்டுவதில் நல்ல கைத்திறமை. தபால் ஆபீசிலும் வேலை இல்லாத நாளில் வேலை காட்ட வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

ஆனால் நாகரின் நல்ல காலம் நெடுநாள் நிற்கவில்லை. சொசைட்டி பெரிதாகிவிட்டது. குப்பைப் படங்கள் வெளிநாட்டில் போய் வேலை செய்தன. சார் ஒருநாள் நீளமான வரைபடத்தோடு வந்து திண்ணையில் விரித்தார். காவுக்குள் நடுவாக சிமெண்ட் நடைபாதை, இருபக்கமும் கம்பிவேலி, பார்வையாளர் உட்கார பெஞ்சு, இரவில் வாவலைப் பார்க்க விளக்கு, வாசலில் இரும்பு கேட்டு. அதன் மேல் பெரிய எழுத்தில் பாதுகாக்கப்பட்ட காவு.

"இது வந்தா அண்ணாச்சி, வருஷம் முழுக்க ஆளு வரும். வாலண்டியர்மாருக்கு பணி உண்டா இல்லையான்னு பேடிக்கவே வேண்டாம். பாதை கட்டுறதே ஒரு வருஷத்துப் பணி."

நான் மனைவியைப் பார்த்தேன். சரி என்று சொன்னால் ஆட்கள் வருவார்கள், மகன் வாயைத் திறக்க மாட்டான். இல்லை என்றால் எல்லாம் போச்சு. அவள் வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். அதில் நாகர் கல் எங்கே என்று கேட்டாள். சார் விரலால் காட்டினார். அந்த இடத்தில் பெஞ்சு போட்டிருந்தது.

"கல்ல கொஞ்சம் இப்படி மாற்றி வைக்கலாம் சேச்சி," என்றார் சார்.

"என் மவனும் அதைத்தான் சொல்லுதான்," என்றாள் அவள். "அவன் கார நிறுத்தணுங்கான். நீங்க ஆள நிறுத்தணுங்கிய. அவனாவது காப்பாத்துதேன்னு சொல்லல."

"சேச்சி, பக்ஷே இது இல்லாட்டி நாங்க வேற சைட்டு பார்க்கணும்."

"பாருங்க. ஒங்க ஆளுக போகட்டும். நாகரு இருக்கற மட்டும் அங்கனயே இருக்கட்டும்."

சார் வரைபடத்தைச் சுருட்டினார். சமூகத்தின் ஒத்துழைப்பு போதவில்லை என்று மேலே எழுதுவேன் என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். அந்தச் சமூகம் உள்ளே போய், அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தது. குடித்துவிட்டுப் போனார். அந்த இரண்டு சின்னப் பெண்களையும் அன்றே வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மதாம்மா மட்டும், எனக்கு ஊருக்குப் போகக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாளாம்.

மகன் வாக்குத் தவறாதவன். அன்று சாயங்காலமே தந்திரிக்கு போன் செய்து, வருகிற ஆயில்யத்துக்கு நாள் வாங்கிவிட்டான். என் மனைவி அழவில்லை. அழக்கூடாது என்று பேசியிருக்கிறதே. விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு மாசத்துக்குத் தேவையான திரி அவள் மடியில் சேர்ந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மகன் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். காவிலிருந்து தெருவுக்கு நீண்டிருக்கிற பாலைமரக் கிளைக்குக் கீழேதான் அது நிற்கும். வாவல் ராத்திரியெல்லாம் தின்ற அத்திப்பழத்தின் கணக்கை அதன் மேல் எழுதிவைத்திருக்கும். மதாம்மா அவனிடம் போய் நின்று பேசினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன், ஒன்றும் புரியவில்லை. பிறகு அவனே சொன்னான், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"அவங்க ஊர்ல எங்க பார்த்தாலும் கார் ஷெட்டுதானாம். அதைப் பார்க்க யாரும் பிளேன் ஏறி வர்றதில்லன்னு சொல்லுதாங்க."

"நீ என்னலே சொன்ன?"

"நான் என்ன சொல்ல? எங்க ஊர்ல எங்க பார்த்தாலும் மரந்தான்னு சொன்னேன். அப்புறம், இவ்வளவு நாள் இங்க என்ன வேலை செஞ்சீங்கன்னு கேட்டேன். உளுந்து பொறுக்கினேன், குப்பை பொறுக்கினேன், உண்மையா ஒரு வேலையும் செய்யல, போறதுக்குள்ள உனக்கு நெசமாவே தேவைப்படுற வேலை ஒண்ணு குடுன்னாங்க. சும்மா தமாஷுக்கு, அப்ப காரைக் கழுவுங்கன்னேன்."

வேலை விஷயத்தில் தமாஷ் என்பது மதாம்மாவுக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது தெருவில் வாளிச் சத்தம். மதாம்மா சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் பழைய வேட்டித்துணியால் காரைத் தேய்த்துக் கழுவுகிறாள். என் மனைவி தலையில் கைவைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி, அதுவும் நரைத்த தலை, தெருவில் குனிந்து வண்டி கழுவுகிறாள். இதைவிட ஒரு வீட்டுக்கு என்ன மானக்கேடு வேண்டும்? ஓடிப்போய் வாளியைப் பிடித்தாள். மதாம்மா விடவில்லை. இருவரும் வாளியை இழுத்ததில் பாதித் தண்ணீர் என் மேல் விழுந்தது.

தெரு முழுக்க விழித்துக்கொண்டது. அக்ரகாரத்து மாமி ஒருத்தி கோயிலுக்குப் போகிற வழியில் நின்றாள். அப்போதுதான் எழுந்து வந்த என் மகனைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா அம்பி, ஆத்துக்கு வந்தவாளை வண்டி அலம்ப விட்டிருக்கேளே, நன்னாயிருக்கா? உனக்குக் கையில்லையா?"

பால்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டு முழுசாகப் பார்த்தான். சாலையில் சுமடு தூக்குகிற ஒருவன் எங்கள் சந்தில்தான் குடியிருந்தான். அவன் சொன்னது தெருவெங்கும் பரவியது.

"அண்ணாச்சி, வெளிநாட்டு ஆளை வச்சு வேலை செய்யிச்சா, பார்த்து நின்னதுக்கு நமக்கு நோக்குகூலி உண்டு கேட்டோ. அதுவும் டாலர்ல."

மகனுக்குக் காது சிவந்துபோனது. அவள் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். அவள் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். இதுதான் இந்த நாட்டில் நான் செய்த முதல் உருப்படியான வேலை, இதை விட மாட்டேன் என்றாளாம்.

அடுத்த நாள் அவளுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று அவன் அலாரம் வைத்தான். அவள் அதற்கு முன்னால் எழுந்திருந்தாள். அதற்கடுத்த நாள் அவன் ஜெயித்தான். அவன் கழுவக் கழுவ அவள் மதிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, அங்கே விட்டுவிட்டாய், இங்கே விட்டுவிட்டாய் என்று கைகாட்டினாள். ஆபீசில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவன் என்று சொல்லிக்கொள்வான். அப்படி அடக்கமாக அவன் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

காலையில் நெடுநேரம் ஒரு மரத்தடியில் நின்றால், மரத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை. எச்சம் எந்தக் கிளையிலிருந்து விழுகிறது என்று கண்டுபிடிக்க அவன் மேலே பார்த்தே ஆக வேண்டும். பார்த்தான். கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்தினால் எச்சம் விழாது, நிழல் மட்டும் விழும் என்று கண்டுபிடித்தான். நிறுத்தினான். அது சரியாகவும் இருந்தது. ஏதோ இவனே மரத்தை நட்டமாதிரி மதாம்மாவிடம் விளக்கினான்.

மதாம்மா ஊருக்குப் போகிற அன்று என் மனைவி மூட்டுவலி எண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி, வாயை மெழுகால் அடைத்துக் கொடுத்தாள். மகன்தான் காரில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனான். காவு வாசலில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பேர் வந்ததில், காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தவள் அவள் ஒருத்திதான்.

திரும்பி வந்தவன் கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். ரசத்துக்கு வந்ததும் சொன்னான்.

"அம்மா, ஷெட்டு கட்டினா தகரம் போடணும். வெயில்ல உள்ள வெந்துபோகும். ஆபீஸ்ல எல்லாரு வண்டியும் பெயிண்டு வெளுத்துக் கெடக்கு. நம்ம வண்டி பரவாயில்ல. மரத்து நெழலுதான் பெயிண்டுக்கு நல்லதுன்னு தோணுது."

அவள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

"தந்திரிகிட்ட அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லிட்டேன்," என்றான்.

என் மனைவி அத்தனை வருஷம் சொன்ன நாகர் கதையெல்லாம் அவனுக்கு ஏறவில்லை. பெயிண்டு ஏறியது. தெருவில் நான்கு பேர் பார்த்த வெட்கம் ஏறியது. ஏதோ ஒரு வழியாக ஏறினால் சரி. அன்று அந்திக்கு விளக்கு வைத்துவிட்டு அவள் வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றாள். என்ன என்று கேட்டேன். திரி சரியாகப் பிடிக்கவில்லை என்றாள். திரி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு ஒவ்வொரு ஆயில்யத்துக்கும் தந்திரி வருகிறார். மாவும் பாலும் படைக்கிறார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மகன் சொல்கிறான், அவரும் சரி என்கிறார். இதுவும் பூஜையில் ஒரு மந்திரம்போல ஆகிவிட்டது.

சொசைட்டி ஒரு புத்தகம் போட்டது. அதில் எங்கள் காவின் படம் இருக்கிறது. திட்டத்தின் பலனாகக் காக்கப்பட்டது என்று அடியில் போட்டிருப்பதாக மகன் வாசித்துச் சொன்னான். அது போகட்டும், சார் பிழைக்க வேண்டும். எனக்கு வருத்தம் எங்கள் ஜனங்கள் மேல்தான். கொஞ்ச நாளிலேயே தெருவில் வேறு கதை கிளம்பிவிட்டது. மகனுடைய காரின் மேல் நல்லபாம்பு படமெடுத்து நின்றதாம். மதாம்மாவின் கனவில் நாகராஜா வந்து, என் இடத்தைக் காப்பாற்று என்று இங்கிலீஷில் சொன்னாராம். வெளியூரிலிருந்து பூவும் மஞ்சளுமாக ஆட்கள் வந்து எந்தக் கார் என்று கேட்டார்கள். ஒரு அம்மாள் கண்ணாடி முழுக்க மஞ்சள் பூசிவிட்டுப் போனாள். அதைக் கழுவ மகனுக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று.

நான் நாகரை நம்புகிறவன். அவர்கள் கொடுத்த பிள்ளையின் கையால்தான் எனக்குக் கொள்ளி. ஆனால் அன்று பாம்பு வரவில்லை. அவர்கள் உள்ளே அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். வெளியே நாங்கள் மனிதர்கள்தான் பயந்து, சண்டை போட்டு, வெட்கப்பட்டு, வாளி பிடித்து இழுத்து, எங்களால் ஆனதைச் செய்தோம். பாம்பு வந்து காப்பாற்றியது என்று சொன்னால், அடுத்த காவுக்குக் கேடு வரும்போது எல்லாரும் கைகட்டிக்கொண்டு பாம்புக்குக் காத்திருப்பார்கள். தந்திரி முந்திக்கொள்வார்.

ஆகையால் உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இதை வாசித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள், அவரையும் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியதை எழுதியபடியே சொல்லுங்கள். மதாம்மாவின் வயதைக் குறைக்க வேண்டாம். என் இங்கிலீஷைத் திருத்த வேண்டாம். என் மகனை நல்லவனாக்க வேண்டாம், அவன் இருக்கிறபடி போதும். பாம்பை மட்டும் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.